ட்ரேஸ் பிடிக்கும் தப்பு, டிட்டர்மினன்ட் பிடிக்கும் தப்பு

ஓர் அணியால் பெருக்கும்போது சில வெக்டர்கள் தம் மடங்காகவே திரும்பி வரும்; அந்த வெக்டர் ஐகன் வெக்டர், அந்த மடங்கு ஐகன் மதிப்பு. ஐகன் மதிப்புக் கணக்கைப் போட்டு முடித்ததும் கடைசியில் ஒரு வரி எழுதுவது வழக்கம்: ஐகன் மதிப்புகளின் கூடுதல் மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதலுக்கு (ட்ரேஸ்) சமம், அவற்றின் பெருக்கல் டிட்டர்மினன்ட்டுக்குச் சமம், ஆகவே விடை சரி. அந்த ‘ஆகவே’தான் இடிக்கிறது. இரண்டும் கச்சிதமாகப் பொருந்தி, விடை முழுக்கத் தப்பாக இருக்கவும் வழியிருக்கிறது. எந்தத் தப்பு ட்ரேஸில் மாட்டும், எது டிட்டர்மினன்ட்டில் மாட்டும், எது இரண்டிலும் மாட்டாமல் நழுவும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பக்கத்துப் பிள்ளைகள் அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் முதல் வருடத்திலேயே இதைச் சந்திக்கிறார்கள். மலைக்கு மேலே குமுளி, வண்டிப்பெரியாறு, பீர்மேடு தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதல் வருடக் கணக்கில் இதே பகுதி வருகிறது. இரண்டு மாநிலத்திலும் பிளஸ் டூ வரை அணியும் அணிக்கோவையும் உண்டு, ஐகன் மதிப்பு கிடையாது. அதனால் இரண்டு தரப்பும் புதிதாகத்தான் தொடங்குகின்றன. இங்கே அணிக்கோவையை டிட்டர்மினன்ட் என்றும், மூலைவிட்டக் கூடுதலை ட்ரேஸ் என்றும் எழுதுகிறேன். அணிக்கு ‘அ’, ஐகன் மதிப்பைக் குறிக்கும் லாம்டாவுக்கு ‘ல’, அலகு அணிக்கு ‘இ’. இருபுறமும் | | கோடு போட்டால் டிட்டர்மினன்ட்.

சின்ன அணியில் தொடங்கலாம்.

4  1
2  3

ட்ரேஸ் 4 + 3 = 7. டிட்டர்மினன்ட் 4×3 − 1×2 = 10. இரண்டுக்கு இரண்டு அணிக்கு |அ − லஇ| என்று விரித்து எழுத வேண்டியதே இல்லை. ல² − 7ல + 10 = 0 என்று நேரே எழுதிவிடலாம். விடை 5, 2.

இதே அணியை நிரை ஒடுக்கம் செய்து முக்கோண வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, மூலைவிட்டத்தில் நிற்பதை ஐகன் மதிப்பு என்று எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இரண்டாம் நிரையிலிருந்து முதல் நிரையின் பாதியைக் கழித்தால்:

4  1
0  2.5

முக்கோண அணிக்கு மூலைவிட்ட உறுப்புகளே ஐகன் மதிப்பு என்ற விதி சரிதான். ஆகவே 4, 2.5 என்பது *இந்த* அணியின் ஐகன் மதிப்பு. கேட்டதோ முதலில் இருந்த அணிக்கு. பெருக்கிப் பாருங்கள், 4 × 2.5 = 10. டிட்டர்மினன்ட் சோதனை ‘சரி’ என்று அனுப்பிவிடும், ஏனென்றால் ஒரு நிரையின் மடங்கை இன்னொன்றில் கூட்டுவதும் கழிப்பதும் டிட்டர்மினன்ட்டை மாற்றாது. ட்ரேஸ்தான் பிடிக்கிறது: 4 + 2.5 = 6.5, வரவேண்டியது 7.

ஏன் இப்படி? நிரைச் செயல் என்பது அணியை இடப்பக்கம் மட்டும் ஒன்றால் பெருக்குவது. ஐகன் மதிப்பு மாறாமல் இருக்க வேண்டுமானால் வலப்பக்கம் அதன் நேர்மாறாலும் பெருக்க வேண்டும். இங்கே அதன் பொருள், இரண்டாம் நிரலின் பாதியை முதல் நிரலில் கூட்டுவது. செய்து பார்த்தால்:

4.5   1
1.25  2.5

ட்ரேஸ் 7, டிட்டர்மினன்ட் 11.25 − 1.25 = 10. இரண்டும் திரும்ப வந்துவிட்டன. கூடவே, நாம் பாடுபட்டு உண்டாக்கிய பூச்சியமும் அழிந்து 1.25 ஆகிவிட்டது. டிட்டர்மினன்ட்டை நாலு நிரைச் செயலில் முடிக்க முடிகிற நமக்கு ஐகன் மதிப்பை அப்படி முடிக்க முடியாமல் போவதன் காரணம் இந்த 1.25-இல்தான் இருக்கிறது.

மூன்றுக்கு மூன்றுக்கு வருவோம். ட்ரேஸை ட என்றும் டிட்டர்மினன்ட்டைக் கோ என்றும் வைத்தால் சமன்பாடு இது:

ல³ − (ட)ல² + (ம)ல − (கோ) = 0

நடுவில் இருக்கும் ம என்பது மூலைவிட்ட உறுப்புகளின் சிற்றணிக்கோவைகள் மூன்றின் கூடுதல். ஒவ்வொரு மூலைவிட்ட உறுப்பையும் அதன் நிரை, நிரலோடு மறைத்துவிட்டு மிச்சமிருக்கும் 2×2-இன் டிட்டர்மினன்ட்டை எழுத வேண்டும். மூன்றையும் அப்படியே கூட்ட வேண்டும், குறி மாற்றக் கூடாது. கீழே ஓர் அணி:

2  2  1
1  3  1
1  2  2

ட = 7. சிற்றணிக்கோவைகள் 6 − 2 = 4, 4 − 1 = 3, 6 − 2 = 4, ஆக ம = 11. கோ = 2(6−2) − 2(2−1) + 1(2−3) = 5. சமன்பாடு ல³ − 7ல² + 11ல − 5 = 0. கடைசி உறுப்புக்கு மைனஸ் போடும் இடத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 2×2-இல் கோவுக்குப் பிளஸ் வந்ததே என்று இங்கேயும் பிளஸ் போட்டுவிடுகிறார்கள். அணியின் வரிசை இரட்டைப்படை என்றால் பிளஸ், ஒற்றைப்படை என்றால் மைனஸ்.

இதை கேசியோ எஃப்எக்ஸ்-991 வகைக் கால்குலேட்டரின் முப்படிச் சமன்பாட்டுப் பகுதியில் 1, −7, 11, −5 என்று கொடுத்தால் 5, 1 என்று இரண்டே விடை காட்டி நிற்கும். மூன்றாவது எங்கே என்று தேட வேண்டாம், இரட்டை மூலம் இருந்தால் இப்படித்தான். இரட்டிப்பது 5-ஆ 1-ஆ என்பதை ட்ரேஸ் ஒரே நொடியில் சொல்லிவிடும்: 7 − 5 − 1 = 1. ஆகவே 5, 1, 1. இன்னொன்றையும் கவனித்தீர்களா? மூன்று நிரைகளின் கூடுதலும் 5. நிரைக் கூடுதல் எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் அந்த எண் ஐகன் மதிப்பு, அதற்குரிய வெக்டர் (1, 1, 1). ஒரு பேனாக் கீறல்கூட வேண்டாம். அணியைப் பார்த்ததும் முதலில் நிரைக் கூடுதல், பிறகு நிரல் கூடுதல் என்று கண்ணால் ஓட்டிவிட்டுத்தான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

கால்குலேட்டரின் இன்னொரு பொறி இதைவிட மோசம். பழைய எம்எஸ் மாடலில் மூலம் கலப்பெண்ணாக இருந்தால் திரையில் மெய்ப்பகுதி மட்டும்தான் முதலில் வரும். மேல் மூலையில் சின்னதாக ஒரு குறி தெரியும். ஷிஃப்ட்டும் சமக்குறிப் பொத்தானும் அழுத்தினால்தான் கற்பனைப் பகுதி வெளியே வரும். கவனிக்காதவர்கள் மெய்ப்பகுதியையே விடையாக எழுதிவிடுகிறார்கள்.

1  −2  0
2   1  0
0   0  3

இதன் சமன்பாடு ல³ − 5ல² + 11ல − 15 = 0. மூலங்கள் 3, 1 + 2√(−1), 1 − 2√(−1). மெய்ப்பகுதியை மட்டும் எடுத்தவர் 3, 1, 1 என்று எழுதுவார். கூடுதல் 5, ட்ரேஸும் 5. கலப்பெண்கள் இணை இணையாக வருவதால் கற்பனைப் பகுதிகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், ட்ரேஸுக்கு இந்தத் தப்பு கண்ணிலேயே படாது. டிட்டர்மினன்ட் பிடித்துவிடும்: 3 × 1 × 1 = 3, வரவேண்டியது 15. குமுளியில் ஒரு மாநிலத்துச் சாவடியைத் தாண்டிய வண்டி அடுத்த மாநிலத்துச் சாவடியில் நிற்பது போலத்தான், ஒன்று விட்டதை மற்றது பிடிக்கிறது. அதனால் ஒன்றை மட்டும் சரிபார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள்.

இனி இரண்டையும் தாண்டுகிற தப்புகள்.

முதலாவது ம. முப்படிச் சமன்பாட்டில் மூலங்களின் கூடுதல் ல²-இன் கெழுவிலிருந்து வருகிறது, பெருக்கல் மாறிலியிலிருந்து வருகிறது. நடுக்கெழு எதுவாக இருந்தாலும் இவை இரண்டும் மாறா. ஆகவே ம-வில் என்ன பிழை செய்தாலும் ட்ரேஸும் டிட்டர்மினன்ட்டும் பொருந்திக்கொண்டேதான் இருக்கும். சோதனை சமன்பாட்டைத் தீர்த்த விதத்தைத்தான் சோதிக்கிறது, சமன்பாடு சரியா என்பதைச் சோதிக்கவில்லை. தேர்வுக்குப் பழக்கமான அணி ஒன்று:

 3  −1   1
−1   5  −1
 1  −1   3

ட = 11, கோ = 36. சிற்றணிக்கோவைகள் 14, 8, 14, ம = 36. மூலங்கள் 2, 3, 6. நடுவில் உள்ள 8-ஐக் கணக்கிடும்போது 9 − 1-க்குப் பதில் 9 + 1 என்று போட்டால் ம = 38 ஆகும். அந்தச் சமன்பாட்டின் மூலங்கள் ஏறக்குறைய 1.53, பிறகு 4.73-ஐ மெய்ப்பகுதியாகக் கொண்ட ஒரு கலப்பெண் ஜோடி. கூட்டினால் 11, பெருக்கினால் 36! சோதனை வரியை எழுதிக் கோடு போட்டுவிடலாம், விடை மட்டும் குப்பை.

இதற்கு மூன்றாவது சோதனை ஒன்று இருக்கிறது. பாடப்புத்தகங்கள் ஏனோ இதைப் பெரிதாக எடுத்துச் சொல்வதில்லை. ஐகன் மதிப்புகளின் வர்க்கங்களின் கூடுதல் அ² என்ற அணியின் ட்ரேஸுக்குச் சமம். அ²-ஐ முழுதாகப் பெருக்க வேண்டியதில்லை. மூலைவிட்ட உறுப்புகளின் வர்க்கங்களைக் கூட்டுங்கள். மூலைவிட்டத்துக்கு இருபுறமும் எதிரெதிரே இருக்கும் ஜோடிகளைப் பெருக்கி, இரட்டித்துச் சேருங்கள். சமச்சீர் அணி என்றால் இன்னும் சுலபம்: ஒன்பது உறுப்புகளின் வர்க்கக் கூடுதல், அவ்வளவே. இங்கே 9 + 25 + 9 + 6 = 49. ஐகன் மதிப்புப் பக்கம் 4 + 9 + 36 = 49. ம = 38 என்று எடுத்தவருக்கு வர்க்கக் கூடுதல் 121 − 76 = 45 வரும், அங்கேயே மாட்டிக்கொள்வார். முந்தைய அணியிலும் பாருங்கள்: 4 + 9 + 4 + 2(2 + 1 + 2) = 27, மறுபக்கம் 25 + 1 + 1 = 27.

இந்தக் கணக்கிலேயே இன்னொரு எச்சரிக்கை மணியும் உண்டு. உறுப்புகள் எல்லாம் மெய்யெண்ணாக உள்ள சமச்சீர் அணிக்குக் கலப்பெண் ஐகன் மதிப்பு வரவே வராது. வந்துவிட்டது என்றால் கணக்கை மேற்கொண்டு தொடராதீர்கள், பின்னால் போய் ம-வைப் பாருங்கள்.

வெக்டர்கள்: 2-க்கு (1, 0, −1), 3-க்கு (1, 1, 1), 6-க்கு (1, −2, 1). ஐகன் மதிப்புகள் வெவ்வேறாக இருந்தால் சமச்சீர் அணியின் ஐகன் வெக்டர்கள் ஒன்றுக்கொன்று செங்குத்து, புள்ளிப் பெருக்கல் பூச்சியம். மூன்று ஜோடியையும் பெருக்கிப் பார்க்க அரை நிமிடம் போதும். செங்குத்து உருமாற்றம் (ஐகன் வெக்டர்களை நிரல்களாக வைத்து அணியை மூலைவிட்டமாக்குவது) கேட்டால் நீளத்தால் வகுக்க மறக்கக் கூடாது: √2, √3, √6. வகுக்காமல் விட்டால் வருவது 2, 3, 6 உள்ள மூலைவிட்ட அணி அல்ல, 4, 9, 36 உள்ளது. கடைசி வரியில் அப்படி எண்கள் வீங்கி வந்தால் நீளத்தை விட்டுவிட்டோம் என்று பொருள். சமச்சீர் அணியிலேயே ஐகன் மதிப்பு இரட்டித்தால் செங்குத்து தானாக அமையாது. ஒரு வெக்டரை எடுத்துக்கொண்டு, அடுத்ததை அதற்குச் செங்குத்தாக நாமே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மேலே 5, 1, 1 வந்த அணியில் 1-க்கு எத்தனை வெக்டர்? அ − இ-யின் மூன்று நிரைகளும் (1, 2, 1). தரம் (மற்ற நிரைகளிலிருந்து பெற முடியாத நிரைகளின் எண்ணிக்கை) 1, ஆகவே தனித்தனியான வெக்டர் இரண்டு: (1, 0, −1), (2, −1, 0). அதிர்ஷ்டம். கீழே உள்ள இரண்டையும் பாருங்கள்:

2  0          2  1
0  2          0  2

இரண்டுக்கும் ட்ரேஸ் 4, டிட்டர்மினன்ட் 4, ஐகன் மதிப்பு 2, 2. நமது மூன்று சோதனையும் இரண்டுக்கும் ஒரே பதில்தான் சொல்லும். ஆனால் இடப்பக்கத்து அணிக்கு எந்த வெக்டரும் ஐகன் வெக்டர். வலப்பக்கத்து அணிக்கு (1, 0)-உம் அதன் மடங்குகளும் மட்டும், அதை மூலைவிட்டமாக்க முடியாது. இரட்டை மூலம் வந்ததும் ‘இரண்டு வெக்டர் இருக்கும்’ என்று இல்லாததை உருவாக்கி எழுதுவதைவிட, அ − லஇ-யின் தரத்தைப் பார்ப்பது மேல். அணியின் வரிசையிலிருந்து அந்தத் தரத்தைக் கழித்தால் கிடைப்பதுதான் வெக்டர் எண்ணிக்கை.

சோதனைக் கருவியே கோணலாக இருந்தால்? டிட்டர்மினன்ட்டைத் தப்பாகப் போட்டுவிட்டு அதை வைத்து ஐகன் மதிப்பைச் சரிபார்க்க முடியாது. இங்கே அதிகம் நடக்கும் பிழை, பின்னத்தைத் தவிர்க்க நிரையை எண்ணால் பெருக்குவது.

2  1  3
3  2  4
5  1  7

அரை, ஒன்றரை எதற்கு என்று, இரண்டாம் நிரைக்கு 2நி₂ − 3நி₁, மூன்றாம் நிரைக்கு 2நி₃ − 5நி₁ என்று போடுவார்கள். நிரைகள் (0, 1, −1), (0, −3, −1) ஆகும். மூன்றாவதில் இரண்டாவதன் மூன்று மடங்கைக் கூட்டினால் (0, 0, −4). மூலைவிட்டப் பெருக்கல் 2 × 1 × (−4) = −8. விடை −8 என்று எழுதிவிடுவார்கள். உண்மை விடை −2. மாற்றப்படும் நிரையை 2-ஆல் பெருக்கிய ஒவ்வொரு முறையும் டிட்டர்மினன்ட் இரட்டித்தது. இரண்டு முறை பெருக்கியிருக்கிறோம், 4-ஆல் வகுக்க வேண்டும். நேர்மாறு, தரம் காணும்போது இந்தப் பெருக்கல் தொந்தரவு தராது. அங்கே பழகிய கை இங்கேயும் அதையே செய்கிறது. ஓரத்தில் ‘×2, ×2’ என்று குறித்துக்கொண்டே போனால் பிழைக்கலாம். இரண்டு நிரையை இடம் மாற்றினால் அதற்கும் ஒரு மைனஸ் குறித்துக்கொள்ள வேண்டும்.

குறுக்கே கோடு போட்டு மூன்று கூட்டி மூன்று கழிக்கும் முறை 3×3-க்கு மட்டும். 4×4-இல் இருப்பவை 24 பெருக்கல்கள், கோடு போட்டால் கிடைப்பவை 8. அதில் வரும் எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை. |2அ| என்றால் 3×3-க்கு 2|அ| அல்ல, 8|அ|, ஏனென்றால் மூன்று நிரையிலும் 2 இருக்கிறது. சேர்ப்பு அணியின் டிட்டர்மினன்ட் 3×3-க்கு |அ|-இன் வர்க்கம். |அ + ஆ| என்பதற்கு |அ| + |ஆ| என்று பிரிக்கும் விதி எதுவும் கிடையாது. ட்ரேஸ் மட்டும் கூட்டலில் நல்லபிள்ளை, அப்படியே பிரியும். பெருக்கலில் இரண்டும் இடம் மாறுகின்றன: |அஆ| = |அ||ஆ| என்று டிட்டர்மினன்ட் பிரியும், ட்ரேஸ் பிரியாது. அஆ-வுக்கும் ஆஅ-வுக்கும் ட்ரேஸ் ஒன்றுதான் என்ற அளவில் நிற்கும். மூன்று அணிகளைச் சுழற்றலாம், நினைத்தபடி கலைக்க முடியாது.

கெய்லி–ஹாமில்டன் தேற்றத்தை (ஓர் அணி தன் ஐகன் சமன்பாட்டைத் தானே நிறைவு செய்யும் என்பது) வைத்து நேர்மாறு கேட்டால் 3×3-க்கு அ² − ட·அ + ம·இ என்பதைக் கோ-வால் வகுத்தால் போதும். ம-வுக்குப் பின்னால் இ-யை விட்டுவிட்டு வெறும் எண்ணை அணியோடு கூட்டுவதுதான் அங்கே வழக்கமான விபத்து. 1858-இல் கெய்லி இந்தத் தேற்றத்தை எழுதியபோது 2×2-க்குச் செய்து காட்டி, 3×3-க்கும் சரிபார்த்துவிட்டதாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார். பொது நிறுவல் 1878-இல் ஃப்ரோபீனியஸிடமிருந்து வந்தது. |அ − லஇ|-யில் ல-வுக்குப் பதில் அ-வைப் போட்டால் பூச்சியம்தானே என்று ஒரு வரியில் நிறுவ முயல்பவர்களுக்கு: ல அங்கே எண், அ அணி. விரித்த பிறகு போடுவதும் விரிப்பதற்கு முன் போடுவதும் ஒன்றல்ல.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்குத் தக்காளிப் பெட்டி. கம்பம் சந்தையிலிருந்து குமுளிக்குப் பிளாஸ்டிக் பெட்டியில் தக்காளி ஏறுகிறது, காலிப் பெட்டி திரும்பி வருகிறது. எண்கள் கணக்குக்காக வைத்தவை: ஒரு சுற்றின் முடிவில் கம்பத்திலிருந்த பெட்டிகளில் 80 சதவீதம் கம்பத்திலேயே இருக்கும், 20 சதவீதம் குமுளியில் நிற்கும். குமுளியிலிருந்தவற்றில் 30 சதவீதம் இறங்கி வரும், 70 சதவீதம் அங்கேயே கிடக்கும்.

0.8  0.3
0.2  0.7

நிரல் என்பது ‘எங்கிருந்து’, நிரை என்பது ‘எங்கே’. நிரல் கூடுதல் ஒவ்வொன்றும் 1, பெட்டி எங்கும் தொலையவில்லை என்பதற்கு அடையாளம். நிரல் கூடுதல்கள் ஒன்றாக இருந்தாலும் அந்த எண் ஐகன் மதிப்புதான், ஆகவே ஓர் ஐகன் மதிப்பு 1. ட்ரேஸ் 1.5, அதனால் மற்றது 0.5. டிட்டர்மினன்ட் 0.56 − 0.06 = 0.5, பொருந்துகிறது. 1-க்குரிய வெக்டர் 3 : 2. நூறு பெட்டி இருந்தால் கடைசியில் கம்பத்தில் 60, குமுளியில் 40. நூறும் கம்பத்தில் இருக்கத் தொடங்கினால் அங்கே 80, 70, 65, 62.5 என்று இறங்கும். 60-இலிருந்து உள்ள தூரம் 20, 10, 5, 2.5. அது பாதி பாதியாகக் குறைவதுதான் அந்த 0.5.

நிரையையும் நிரலையும் மாற்றி எழுதினால் என்ன ஆகும்? ட்ரேஸ் அதே 1.5, டிட்டர்மினன்ட் அதே 0.5, ஐகன் மதிப்புகளும் அவையே. அ²-இன் ட்ரேஸும் மாறாது. எல்லாச் சோதனையும் பாஸ். ஆனால் இப்போது நிரைக் கூடுதல்கள் 1, ஆகவே வெக்டர் (1, 1), பெட்டிகள் 50–50 என்று விடை வரும். லாரிக்காரர் குமுளியில் போய்ப் பத்துப் பெட்டி அதிகமாகத் தேடுவார். இதைப் பிடிக்கும் சோதனை ஒன்றுதான்: (100, 0)-ஐ எடுத்து ஒருமுறை அணியால் பெருக்கி, வரும் எண்கள் கதையோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. மாற்றி எழுதிய அணி 80, 30 என்று 110 பெட்டி காட்டும்.

கம்பத்தில் ஒவ்வொரு சுற்றிலும் 2 சதவீதப் பெட்டி உடைகிறது என்று வைப்போம், 0.8-க்குப் பதில் 0.78. ட்ரேஸ் 1.48, டிட்டர்மினன்ட் 0.546 − 0.06 = 0.486. மூலங்கள் ஏறக்குறைய 0.9882, 0.4918. பெரியது 1-க்குக் கீழே வந்துவிட்டது. சுற்றுக்கு 1.2 சதவீதம் கரைகிறது, ஏனென்றால் பெட்டிகளில் ஐந்தில் மூன்று பங்குதான் கம்பத்தில் இருக்கிறது, 2-இல் ஐந்தில் மூன்று 1.2. இந்த வேகத்தில் ஏறக்குறைய 58 சுற்றில் பாதிப் பெட்டி போய்விடும்.

கடைசியாகக் கம்ப்யூட்டர். இணைக்காரணி முறையில் 20×20 டிட்டர்மினன்ட்டை விரித்தால் உறுப்புகள் 20!, அதாவது சுமார் 2.43 × 10¹⁸. நொடிக்கு 100 கோடி உறுப்பு போட்டாலும் 77 வருடம் ஆகும். நிரை ஒடுக்கத்துக்குத் தேவை சுமார் 2,700 பெருக்கல். ஆகவே புரோகிராமில் இணைக்காரணி முறையை எழுதாதீர்கள், அது 3×3 பேப்பர் வேலைக்கு.

டிட்டர்மினன்ட் பூச்சியமா என்று புரோகிராமில் சமக்குறி போட்டுக் கேட்பதும் வேண்டாம். 1 முதல் 9 வரை வரிசையாக எழுதிய 3×3 அணியின் டிட்டர்மினன்ட் பூச்சியம். பைத்தானின் கணித நூலகமான நம்பையில் கேட்டால் 10⁻¹⁶ அளவில் ஏதோ ஓர் எண் வரலாம். பெரிய உறுப்பான 7-ஆல் அது வகுக்கிறது, ஏழில் ஒன்று இரும எண்ணில் முழுதாக அடங்காது. அதே நேரம், மூலைவிட்டத்தில் 0.1 மட்டும் உள்ள 10×10 அணியின் டிட்டர்மினன்ட் 10⁻¹⁰. பூச்சியத்தை ஒட்டி நிற்கிறதே என்று பயந்தால் ஏமாற்றம்தான், அது தங்கமான அணி, நேர்மாறில் மூலைவிட்டம் முழுக்க 10. டிட்டர்மினன்ட்டின் சிறுமை எதையும் சொல்வதில்லை. நேர்மாறு நம்பத் தகுந்ததா என்று அறிய கண்டிஷன் எண்ணை (உள்ளே போகும் சிறு பிழை விடையில் எத்தனை மடங்கு பெருகலாம் என்று சொல்வது) கேளுங்கள்.

ஐகன் மதிப்புக்குச் சமன்பாடு எழுதித் தீர்ப்பதும் பெரிய அணிக்கு ஆகாது. கணித அறிஞர் வில்கின்சன் காட்டிய உதாரணம் பிரசித்தம்: 1 முதல் 20 வரை மூலங்களாக உள்ள சமன்பாட்டில் இரண்டாம் கெழு −210, அதாவது ட்ரேஸின் எதிர்க்குறி. அந்த 210-இல் 2⁻²³, ஏறக்குறைய ஒரு கோடியில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம், மாறினால் இருபதில் பத்து மூலங்கள் கலப்பெண் ஆகிவிடும். அதனால்தான் 1960-களின் தொடக்கத்தில் பிரான்சிஸும் குப்ளனோவ்ஸ்கயாவும் தனித்தனியே கண்ட கியூஆர் முறை இன்றுவரை ஓடுகிறது. அணியை ஒரு செங்குத்து அணி, ஒரு மேல்முக்கோண அணி எனப் பிரித்து, வரிசை மாற்றிப் பெருக்கி, மீண்டும் பிரிப்பார்கள். அஆ-வுக்கும் ஆஅ-வுக்கும் ட்ரேஸ் ஒன்று என்று மேலே சொன்னது இங்கே ஒவ்வொரு சுற்றிலும் வேலை செய்கிறது. மூலைவிட்டத்துக்குக் கீழே இருக்கும் 1.25-கள் ஒரே அடியில் அழியாமல் சுற்றுக்குச் சுற்று தேய்கின்றன.

உங்கள் அணி சமச்சீர் என்று தெரிந்தால் நம்பையில் பொதுவான ஐகன் கட்டளையைவிடச் சமச்சீருக்கென்று இருக்கும் கட்டளையைக் கூப்பிடுங்கள். வேகம் அதிகம், விடையில் பொய்யான கற்பனைப் பகுதி ஒட்டிக்கொண்டு வராது. ஆனால் அது அணியின் கீழ்ப்பாதியை மட்டும்தான் படிக்கும். மேல்பாதியில் தட்டச்சுப் பிழை இருந்தாலும் வாய் திறக்காது, கூப்பிடுவதற்கு முன் அணியையும் அதன் நிரை நிரல் மாற்றையும் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.